ரௌட்டரின் சாவி இல்லத்தாரிடம் இருக்கட்டும்

மகாஜனங்களுக்கு,

நமது நகரத்தில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்திவரும் ஆசிரியர்கள், மாணவர்கள், கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற ஊழியர்கள் ஆகியோர் சேர்ந்த சிறு குழுவினராகிய நாங்கள், கூடத்துச் சுவரிலோ தொலைக்காட்சிக்குப் பின்புறத்திலோ இரவும் பகலும் சிறு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் ரௌட்டர் பெட்டியைக் குறித்து உங்கள் சமூகத்திற்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகிறோம். வங்கிக் கணக்கும், வைத்தியப் பரிசோதனையின் முடிவும், பிள்ளைகளின் பாடமும், தூரதேசத்து உறவினருடன் பேசும் பேச்சும் அதன் வழியாகவே போய்வருகின்றன. அப்படியிருந்தும், அதைப் பொருத்த வந்த ஊழியர் அன்று அவசரத்தில் என்ன செய்துவைத்துவிட்டுப் போனாரோ, அதுவே பெரும்பாலான இல்லங்களில் இன்றுவரை மாறாமல் நீடிக்கிறது.

அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ ஒரு முகவரியும், அதன் கீழே ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். பழைய பெட்டிகள் பலவற்றில் இரண்டுமே ‘அட்மின்’ தான். வைஃபையில் சேர்வதற்குக் கொடுக்கும் கடவுச்சொல் வேறு, பெட்டியையே ஆளுகின்ற இந்தக் கடவுச்சொல் வேறு. முன்னதைப் பெயரனின் பிறந்த தேதியாக மாற்றிக்கொண்டவர்கள்கூடப் பின்னதைத் தொட்டிருப்பதில்லை. வாசலுக்குப் பெரிய பூட்டாக வாங்கி மாட்டிவிட்டு, அதே சாவி ஊரெல்லாம் விற்கப்படுவதை அறியாமல் நிம்மதியாக உறங்குவதற்கு இது ஒப்பாகும்.

இது வீண் பீதியன்று. 2016-ஆம் ஆண்டில் பரவிய ‘மிராய்’ என்னும் தீய நிரல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விடப்பட்டிருந்த ஏறத்தாழ அறுபது பெயர்–கடவுச்சொல் ஜோடிகளை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்த்தே, உலகெங்குமுள்ள கண்காணிப்புக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் தன் வசப்படுத்திக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அவற்றையெல்லாம் ஏககாலத்தில் ஏவிவிட்டு தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் முகவரியைச் சொல்லும் ‘டைன்’ என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே அமெரிக்காவில் பல மணி நேரம் திணறிப்போயின. தாக்கிய சாதனங்களின் சொந்தக்காரர்கள் நம்மைப் போன்ற சாதாரண இல்லத்தாரே. தங்கள் வீட்டுக் கேமரா இவ்வாறு அக்கிரமத்திற்குத் துணைபோயிற்று என்பது அவர்களில் அநேகருக்குத் தெரிந்திருக்கவே நியாயமில்லை. எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பதை 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டன் சட்டத்தாலேயே தடுத்துவிட்டது.

அபாயம் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. அமெரிக்காவில் ‘விஜியோ’ நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பெட்டிகள், திரையில் ஓடுவது இன்னது என்பதை வினாடிக்கு வினாடி குறித்து, பார்ப்பவரின் சம்மதமின்றியே நிறுவனத்திற்கு அனுப்பிவந்தன என்று அரசுத் தரப்பு வழக்குத் தொடர்ந்தது. 2017-இல் 22 லட்சம் டாலர் செலுத்த இசைந்து அந்நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி, ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், நமது உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது ஒவ்வொரு பிரஜையின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். எங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு நாங்கள் வணக்கத்துடன் சொல்வது இதுதான்: உரிமைக்குக் காரணம் காட்டவேண்டிய கடமை உரிமையாளருக்கு இல்லை, நம் வீட்டுக்குள் நோக்க விரும்புகிறவரே காரணம் காட்டவேண்டும்.

ஆனால் ஒரு சாதனம் உள்ளே என்ன செய்கிறது என்பதை எவ்வாறு அறிவது? மூலநிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் இடந்தருகின்ற கட்டற்ற மென்பொருளின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. ‘லிங்க்ஸிஸ்’ நிறுவனம் 2002-இன் இறுதியில் விற்பனைக்கு விட்ட நீல நிற ரௌட்டர் ஒன்றினுள் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இயங்குவதை ஆர்வலர்கள் கண்டுபிடித்து, லினக்ஸின் உரிமத்தின்படி மூலநிரலைத் தரவேண்டுமென்று வற்புறுத்தினார்கள். மறு ஆண்டே அது வெளியிடப்பட்டது. அந்த மூலநிரலிலிருந்துதான் 2004-இல் ‘ஓப்பன்டபிள்யுஆர்டி’ என்ற கட்டற்ற ரௌட்டர் நிரல் தோன்றி, தயாரித்தவர்களே கைவிட்டுவிட்ட எத்தனையோ பழைய ரௌட்டர்களுக்கு இன்றளவும் புதுப்பிப்புகளை வழங்கிவருகிறது. திறந்த மூலநிரலில் குற்றமே நேராது என்று நாங்கள் சாதிக்கவில்லை. ‘எக்ஸ்இசட்’ என்ற கருவிக்குள் ஒரு கள்ள வழி புகுத்தப்பட்டிருந்தது 2024 மார்ச்சில் தெரியவந்தது. ஆனால் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் மூலத்தைத் துருவி அதைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார். பூட்டிவைத்த நிரலாக இருந்தால் அவர் எதைத் துருவியிருப்பார்?

ஆகையால் நாங்கள் கோருவது பெரிய பாண்டித்தியம் எதையும் வேண்டுவதன்று. சீட்டிலுள்ள முகவரியை உலாவியில் இட்டு, ஆளும் கடவுச்சொல்லை நீண்ட, வேறெங்கும் உபயோகிக்காத ஒன்றாக மாற்றுங்கள். வெளியிலிருந்து பெட்டியை நிர்வகிக்கும் வசதியையும், பொத்தானாலும் எண்ணாலும் இணைக்கும் டபிள்யுபிஎஸ் வசதியையும் அணைத்துவிடுங்கள். தொலைக்காட்சிக்கும் கேமராவுக்கும் விருந்தாளி வைஃபை என்ற தனிப் பாதையை ஒதுக்கினால், உங்கள் கணினி இருக்கும் பக்கம் அவை எட்டிப்பார்க்க இயலாது. பெட்டியின் நிரலுக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தளங்களின் உள்ளடக்கம் மறைந்து வந்தாலும், எந்தெந்தத் தளத்தின் பெயரைக் கேட்டீர்கள் என்பது சாதாரணமாக இணைப்பு தருபவரின் கண்ணுக்குத் தெரியும். ஆண்ட்ராய்டு 9 முதற்கொண்டு கைப்பேசி அமைப்புகளில் உள்ள ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ என்பதில், லாப நோக்கமற்ற ‘குவாட்9’ போன்ற சேவை ஒன்றைக் குறித்துவிட்டால், அந்தக் கேள்வியும் மறைவாகவே போகும். அந்தச் சேவையை நடத்துபவருக்கு உங்கள் கேள்வி தெரியும் என்பதால்தான் யாரை நம்புவது என்பதை யோசித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்.

ஓப்பன்டபிள்யுஆர்டியை நிறுவ விரும்புகிறவர்கள், தங்கள் பெட்டியின் மாதிரி எண்ணும் பதிப்பும் அதன் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். தவறான நிரலை ஏற்றினால் பெட்டி பயனற்றுப்போகக்கூடும். ஃபைபர் இணைப்புடன் நிறுவனம் தந்த பெட்டியில் அதை முயலவே வேண்டாம். அதன் பின்னால் சொந்த ரௌட்டர் ஒன்றை வைத்துக்கொள்வதே உசிதம். கட்டற்ற மென்பொருள் ரௌட்டருக்கு மட்டுமன்று, பழைய கணினிக்கும் உதவும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் பழைய கணினியை எறிந்துவிட நினைப்பவர்கள், அதற்கு முன் ‘லினக்ஸ் மின்ட்’ என்ற கட்டற்ற இயங்குதளத்தை ஒரு பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பழைய நிலைக்கு எந்தச் சேதமும் இன்றி அவ்வாறு சோதித்துப் பார்க்கலாம்.

இணைப்பு தருபவர்களுக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் எல்லோருக்கும் அவரவர் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பெட்டியை ஆளும் கடவுச்சொல்லை இல்லத்தாரிடம் எழுதிக் கொடுங்கள். தர மறுத்தால், இல்லத்தார் கடிதம் எழுதிக் கேட்கத் தயங்கவேண்டாம். கடிதம் எழுதுவதற்கும், மேற்சொன்ன மாற்றங்களைச் செய்வதற்கும் எங்கள் குழுவினர் கட்டணமின்றி உதவுவார்கள்; உதவிக்கு வருகிற எவரிடமும், எங்களிடமும்கூட, கடவுச்சொல்லைச் சொல்லாமல் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழுவினர்