வேலை தொடங்குமுன் கேட்க வேண்டிய இரண்டு தாள்கள்

பனி உருகி மண் இளகியதும் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் அஜாக்ஸிலும் வீட்டு வாசல்களில் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டிகள் வந்து இறங்கிவிடும். பேஸ்மென்டுக்குப் பக்கவாசல் வெட்டுவது, கூரை மாற்றுவது, பின்பக்கம் ஓர் அறை கூட்டுவது என்று அடுத்த பனி வரும்வரை ஓயாத வேலை. கொடுப்பவர்களிலும் செய்பவர்களிலும் நம்மவர்கள் நிறையப் பேர். கோயிலில் கண்ட பழக்கம், ஊர்ப் பழக்கம், யாரோ சொல்லி வந்த பழக்கம். விலை பேசுவோம், டைல்ஸின் நிறம் பேசுவோம், எத்தனை கிழமையில் முடியும் என்று பேசுவோம். வேலையாள் ஏணியால் விழுந்தால் யார் பொறுப்பு என்பதை மட்டும் பேச மாட்டோம்.

உயிர்ப் பாதுகாப்பில் கணக்குப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை இந்த ரொறன்ரோ நகரம் கண்டிருக்கிறது. 2009 டிசம்பர் 24, நத்தாருக்கு முதல் நாள். கிப்ளிங் அவெனியூவில் ஓர் உயர்ந்த அடுக்குமாடியின் பல்கனிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைய வேலை முடிந்து இறங்குவதற்காக ஆறு தொழிலாளர்கள் ஒரே தொங்குமேடையில் ஏறினார்கள். உயிர்க்கயிறு இரண்டுதான் இருந்தது. மேடை நடுவால் முறிந்தது. ஐந்து பேர் விழுந்தார்கள், நால்வர் இறந்தார்கள், ஒருவர் படுகாயத்துடன் பிழைத்தார். கயிற்றை முறையாக மாட்டியிருந்தவர் தப்பினார். இறந்தவர்கள் நம்மைப் போலவே வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

வேலையை எடுத்திருந்த மெட்ரன் நிறுவனத்துக்கு முதலில் 200,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது போதாது என்று 2013இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 750,000 டொலராக உயர்த்தியது. திட்ட முகாமையாளருக்கு 2016இல் மூன்றரை ஆண்டுச் சிறை. 1992இல் நோவா ஸ்கோஷியாவின் வெஸ்ட்ரே சுரங்கத்தில் 26 பேர் இறந்த பிறகு திருத்தப்பட்ட குற்றவியல் சட்டமே இதற்கு வழி செய்தது. அத்தகைய அபராதத்தையும் சிறையையும் எந்தக் காப்புறுதியும் ஏற்காது. கிப்ளிங் விபத்துக்குப் பின் நடந்த விசாரணைகளின் விளைவாக, 2015 ஏப்ரல் 1 முதல் கட்டட வேலைத்தலங்களில் உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி ஒன்ராறியோவில் கட்டாயமானது.

இத்தகைய விபத்து இந்த நகரத்துக்குப் புதிதல்ல. யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் துணியால் தைத்த ஒரு பெரிய நினைவுச் சித்திரம் இருக்கிறது. 1960 மார்ச் 17 அன்று அந்தப் பகுதியில், ஹொக்ஸ் ஹொலோவில், தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய சுரங்கத்தில் தீப்பிடித்ததில் இறந்த ஐந்து இத்தாலியத் தொழிலாளர்களுக்கானது அது. ஒரு காலத்தில் இத்தாலியர். பிறகு கிழக்கு ஐரோப்பியர், மத்திய ஆசியர். இன்று கூரைகளிலும் குழிகளிலும் தமிழ்ப் பெடியன்களும் நிற்கிறார்கள். புதிதாக வந்தவர்களே எப்போதும் ஆபத்தான வேலைக்கு முதலில் போகிறார்கள். அவர்களே கேள்வி கேட்கவும் தயங்குகிறார்கள்.

இந்த மாகாணத்தில் அவர்களுக்கென்று ஒரு காப்பு இல்லாமல் இல்லை. நீதியரசர் வில்லியம் மெரடித் 1913இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1914இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டு 1915இல் நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி தன் முதலாளிமீது வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுப்பார். பதிலாக, யார் பிழை என்று பாராமல் அவருக்கு நட்டஈடு கிடைக்கும். அதற்கான பணத்தை முதலாளிமார் சேர்ந்து கட்டுவார்கள். அந்த ஏற்பாட்டை நடத்துவதுதான் இன்று நாம் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்று சொல்லும் சபை. காயப்பட்டு வேலைக்குப் போக முடியாதவருக்கு, வரிகள் கழித்த சம்பளத்தில் இழந்த பகுதிக்கு 85 சதவீதம் கிடைக்கும். இறந்தவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பனவு உண்டு. ஒரு விஷயத்தை நம் பெடியன்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்: முதலாளி சபையில் பதியாமல் ஏமாற்றியிருந்தாலும், சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளியின் உரிமை போய்விடாது. ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இனி அந்த இரண்டு தாள்களுக்கு வருகிறேன்.

முதலாவது, அந்தச் சபை தரும் கிளியரன்ஸ் சான்றிதழ். கொன்ட்ராக்டர் சபையில் பதிந்திருக்கிறார், கட்ட வேண்டியதைக் கட்டி வருகிறார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. 2013 ஜனவரி 1 முதல் கட்டடத் தொழிலில் தனியாளாக வேலை செய்பவர்களுக்கும் இந்தக் காப்புறுதி கட்டாயம். துணைக் கொன்ட்ராக்டரை எடுக்கும் கொன்ட்ராக்டர், வேலை தொடங்குமுன் இந்தச் சான்றிதழைப் பெற்றாக வேண்டும். வீட்டுக்காரருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வீட்டுத் திருத்த வேலை மட்டுமே செய்யும் தனியாள், வீட்டில் குடியிருப்பவரிடமிருந்து நேரடியாக வேலையை எடுத்தால், அவருக்கு இது கட்டாயமில்லை. அவர் உங்கள் கூரையிலிருந்து விழுந்தால் சபையின் பணம் வராது. வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம். விரும்பினால் அவர் தாமாகவே இந்தக் காப்புறுதியை எடுக்கலாம்; எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது, பொதுப் பொறுப்புக் காப்புறுதியின் சான்றிதழ். வேலையால் மற்றவருக்கோ மற்றவரின் சொத்துக்கோ வரும் சேதத்துக்கு இது. பேஸ்மென்டைத் தாழ்த்தத் தோண்டும்போது ஒட்டு வீட்டின் பொதுச்சுவர் வெடித்தால் இதுதான் கைகொடுக்கும். சிறு கொன்ட்ராக்டர்களிடம் ரொறன்ரோவில் பொதுவாகக் கேட்கப்படுவது 20 இலட்சம் டொலருக்கான காப்பு. தாளைக் கையில் வாங்கியதும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். மேலே உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றா? முடிவுத் திகதி உங்கள் வேலை முடிவதற்கு முன்பே வந்துவிடுகிறதா? என்ன வேலைக்கான காப்பு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? பெயின்ட் அடிக்கவும் டைல்ஸ் பதிக்கவும் எடுத்த காப்புறுதி, அத்திவாரம் தோண்டுவதற்குச் செல்லாது. தாளில் உள்ள புரோக்கரின் பெயரைக் கொண்டு, இலக்கத்தை நீங்களே தேடி எடுத்து, ஒரு தடவை அழைத்துக் கேளுங்கள். கிளியரன்ஸைச் சபையின் இணையத்தளத்தில் இலவசமாகவே சரிபார்க்கலாம்.

கொன்ட்ராக்டர் பிழையாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்ய இந்தப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி பணம் தராது. புதுவீட்டுக்கு டாரியன் என்ற அமைப்பின் கீழ் வரும் ஓராண்டு, ஈராண்டு, ஏழாண்டு உத்தரவாதங்களும் பழைய வீட்டின் திருத்த வேலைக்குப் பொருந்தாது. உங்கள் சொந்த வீட்டுக் காப்புறுதியோ, பெரிய வேலை தொடங்குவதைக் கம்பனிக்கு முன்கூட்டிச் சொல்லாவிட்டால் தக்க சமயத்தில் கைவிட்டுவிடலாம். வேலைக்காக வீட்டை 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் விட்டால் காப்பு செல்லாது என்று பல காப்புறுதி ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். கட்டி முடியும்வரை தீ, களவு, காற்று ஆகியவற்றுக்கெனத் தனிக் காப்புறுதி உண்டு. அதை வீட்டுக்காரர் எடுப்பதா, கொன்ட்ராக்டர் எடுப்பதா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இதையெல்லாம் நம்மவரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் எனக்குத் தெரியும். "அண்ணை, இன்சூரன்ஸ் பேப்பரை ஒருக்கா காட்டேலுமோ?" என்றால், "என்ன தம்பி, என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று பதில் வரும். "உங்களில நம்பிக்கை இருக்கு அண்ணை. உங்கட வேலையாள் விழுந்தால் அவற்ற பிள்ளையளுக்கு ஆர் சாப்பாடு போடுறது?" என்று திருப்பிக் கேளுங்கள். நேர்மையான கொன்ட்ராக்டருக்கு இந்தக் கேள்வி சுடாது.

சொல்லப்போனால், அவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டி, ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பி, அதன் செலவையும் சேர்த்து விலை சொல்கிறார். எதையுமே கட்டாதவர் சில ஆயிரம் குறைத்துச் சொல்லி வேலையைத் தட்டிக்கொண்டு போகிறார். அந்தக் குறைவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கூரையில் நிற்கும் பெடியனின் பாதுகாப்பிலிருந்து எடுத்த காசு அது.

500,000 டொலரும் அதற்கு மேலும் உள்ள அரச கட்டட ஒப்பந்தங்களுக்கு, வேலையை முடித்துக் கொடுப்பதற்கும் கீழுள்ளவர்களுக்குப் பணம் போய்ச் சேர்வதற்கும் பிணைமுறி கொடுக்க வேண்டும் என்று ஒன்ராறியோ சட்டம் சொல்கிறது. அங்கே பத்திரம் கேட்பதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. நம் பேஸ்மென்ட் வேலைகளில் அப்படிக் கேட்க ஓர் அதிகாரி வரமாட்டார். கேட்க வேண்டியவர் காசு கொடுப்பவர்தான். இந்த வசந்தத்தில் மூன்று பேரிடம் விலை கேட்பவர்கள், மூவரிடமும் இந்த இரண்டு தாள்களையும் கேளுங்கள். தாள் இல்லாதவரை விலை குறைவென்று எடுக்காதீர்கள். நம்மில் பாதிப் பேர் இப்படிக் கேட்கத் தொடங்கினாலே, காப்புறுதி இல்லாமல் இந்த நகரத்தில் தமிழர் வீட்டு வேலை எடுக்க முடியாது என்ற நிலை வந்துவிடும்.