சுக்கான் ஆடினால்...



விழுப்புரம் நகருக்குள் மட்டுமே ஓடும் பழைய காரில் ஸ்டியரிங் பழுதுபட்டிருப்பதை, அதன் சொந்தக்காரர் பல மாதங்கள் அறியாமலே இருந்துவிட முடியும். நேருஜி சாலை நெரிசலில் வண்டி இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. வளையத்தைச் சற்று அதிகமாகத் திருப்ப வேண்டியிருந்தாலும் கை அதற்குப் பழகிவிடுகிறது. அதே வண்டியில் குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு, ஒரு நிக்காஹ்வுக்காகத் திண்டிவனம் புறப்பட்டு, விக்கிரவாண்டியைத் தாண்டி வேகம் எண்பதைத் தொடும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும். திடீரென முன்னே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று தென்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு செல்லும் பருவத்தில் இது அப்பாதையில் அபூர்வமன்று. ஓட்டுபவர் வளையத்தைத் திருப்புகிறார். முதல் இரண்டு மூன்று அங்குலங்கள் வெறும் ஆட்டத்திலேயே வீணாகின்றன. சக்கரம் திரும்பவில்லையே என்று இன்னும் திருப்புகிறார். ஆட்டம் தீர்ந்த கணத்தில் வண்டி தேவைக்கு மேல் வெட்டித் திரும்புகிறது. நேராக்குவதற்காக மறுபக்கம் திருப்பினால் அங்கும் அதே கதை. பின்னிருக்கையில் பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர்.

இரு வழிப் பாதையாக இருந்த பழைய 45 ஆம் எண் நெடுஞ்சாலையில் இவ்வேகத்தில் தொடர்ந்து செல்ல இடமே இருந்ததில்லை. சாலை நான்கு வழியாகிவிட்டது. வண்டி மட்டும் அதே வண்டியாக இருக்கிறது. இதைத்தான் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் வீடுகளில் இன்னொரு நிலைமையும் உண்டு. அத்தா ஆசையோடு வாங்கிய அம்பாசிடரையோ, பத்மினியையோ, மாருதி 800-ஐயோ விற்க மனமின்றி வைத்திருக்கிறோம். அம்பாசிடரின் உற்பத்தி 2014 ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. மாருதி 800-உம் அதே ஆண்டில்தான் விடைபெற்றது. ஆகவே இவற்றுள் மிக இளையதற்கும் வயது பத்தைக் கடந்துவிட்டது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் மகன், அங்கே பவர் ஸ்டியரிங் வண்டியைச் சாலையின் வலப்புறம் ஓட்டிப் பழகியவர், வந்த மறுநாளே அத்தாவின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஸ்டியரிங் கனமாக இருப்பதைக் கோளாறு என்கிறார். அது ஆடுவதைப் பழமையின் இயல்பு என்கிறார். உள்ளபடி பார்த்தால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானதே சரி. பவர் இல்லாத வண்டியில் ஓரளவு கனம் இயல்பு. ஆட்டம் எந்த வயதிலும் இயல்பாகாது. கப்பலைத் திருப்பும் சுக்கானுக்கு அரபு மொழியிலிருந்து பெயர் பெற்றுத் தந்த கடலோடிகளின் வழிவந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை!

சட்டம் இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கிறது. 1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98 ஆவது விதி, ஸ்டியரிங் வளையத்தின் வெற்றாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கிறது. இணைப்புகளின் மீது ரப்பர் உறைகள் இருக்க வேண்டுமென்றும் அதே விதி கூறுகிறது. முப்பது பாகை என்பது கடிகாரத்தில் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட தூரம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் விளிம்பில் அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். இது எல்லா வகை வண்டிகளுக்குமான கடைசி எல்லை. காரில் இவ்வளவு ஆட்டம் இருந்தால், விதி அனுமதிக்கிறதே என்று நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்வதை நான் ஒப்பமாட்டேன். பல்சட்டம் கொண்ட அம்பாசிடரிலும் மாருதியிலும் ஆட்டம் விரலகலத்தைத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். பெட்டி வகை ஸ்டியரிங் கொண்ட பத்மினியில் இன்னும் சிறிது பொறுக்கலாம்.

வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். முன்சக்கரங்களை நேராக வைத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பிப் பூட்டை விடுவித்துக்கொள்ளுங்கள். ஒருவர் வளையத்தை இடமும் வலமும் மெல்ல அசைக்க, மற்றொருவர் கீழே குனிந்து, சக்கரம் எப்போது அசையத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பின்னர், வண்டியை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கீழே நுழையலாகாது), சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டமிருந்தால் டை ராடு முனைகளையும் ரேக்கையும் ஐயுறலாம். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட், கிங்பின், சக்கர பேரிங் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, மிகுதியாக ஏமாறும் இடத்திற்கு வருவோம். ஆட்டம் என்றதும் சில பட்டறைகளில் ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கிவிடுவார்கள். பத்து நிமிட வேலை, வளையமும் கெட்டியாகிவிடும், வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. ஆனால் வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகவே ஓடுகிறது. ஆதலால் உள்ளே இருக்கும் பற்களும் நடுப்பகுதியில்தான் மிகுதியாகத் தேய்ந்திருக்கும். ஓரங்கள் புதிதுபோல் இருக்கும். தேய்ந்த நடுப்பகுதிக்கு ஏற்ப இறுக்கினால், முழுத் திருப்பத்தில் அது பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்தபின் வளையம் தானே நேருக்குத் திரும்பி வராமல் நின்றுவிடும். ரேக் வகையிலும் இதே நிலைதான். எனவே கீழேயுள்ள இணைப்புகளை முதலில் பார்க்காமல் திருகைத் தொட அனுமதிக்காதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி விலை குறைந்த ஒரு டை ராடு முனையாகவே இருக்கும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர்க் காற்றைப் பாருங்கள். பிறகு முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் அலைன்மென்ட் அல்லது பிடித்துக்கொண்ட பிரேக். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வளையம் உதறினால் பேலன்சிங் போதும். பள்ளத்தில் விழுந்ததும் எந்த வேகத்திலும் உதறினால் அது இணைப்புகளின் தளர்ச்சி. அன்றே பட்டறைக்குச் செல்லுங்கள்.

மற்றொன்று, மழை. 2024 நவம்பர் இறுதியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்துக்குத் தெற்கேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்நாட்களில் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இருக்கையையும் எஞ்சினையும் கவனித்தவர்கள் உண்டு. ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகளைத் திறந்து பார்த்தவர்கள் சிலரே. உறை கிழிந்திருந்தால் சேற்று நீர் உள்ளே புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். துரு பல மாதங்கள் கழித்தே தன் வேலையைக் காட்டும். அம்பாசிடர், பத்மினி வைத்திருப்போர் கிரீஸ் முனைகள் யாவற்றிலும் புதிய கிரீஸ் ஏற்றியாக வேண்டும். மூடிய மூட்டுகளையே கண்டு பழகிய இளம் மெக்கானிக்குகள் சிலருக்கு இம்முனைகள் எங்கே இருக்கின்றன என்பதே தெரிவதில்லை. ஊரில் மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தால், கூலி சற்று மிகுதியானாலும் அவரிடமே செல்லுங்கள்.

பாகங்களை மாற்றிய பின்னரே அலைன்மென்ட். தளர்ந்த இணைப்புகளோடு அலைன்மென்ட் செய்வது பணத்துக்குக் கேடு. பட்டறை வாசலைத் தாண்டுமுன்பே அது கலைந்துவிடும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கையால் அசைத்துப் பாருங்கள். 15 ஆண்டு முடிந்து, பதிவைப் புதுப்பிக்க விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுசெல்லும் அன்று மட்டும் செய்யும் வேலையன்று இது. அடுத்த ஆய்வுக்கு இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது!

வேலை முடிந்ததும் குடும்பத்தாரை ஏற்ற வேண்டாம். போக்குவரத்துக் குறைந்த விடியற்காலையில் தனியாக விக்கிரவாண்டி வரை சென்று, இரு கைகளையும் வளையத்தில் வைத்தபடியே, வண்டி தானாக நேராகச் செல்கிறதா, வளைவு முடிந்ததும் வளையம் தானே திரும்புகிறதா என்று பார்த்து வாருங்கள். திண்டிவனத்துப் பயணத்தை அதன்பின் முடிவு செய்துகொள்ளலாம்; பேருந்தும் ரயிலும் எப்போதும் இருக்கின்றன.