மூன்று வகை 'முடியாது'



மோட்டார் கண்காட்சிப் படங்களைப் பத்திரிகைகளிலும் திரையிலும் பார்த்திருப்பீர்கள். சுழலும் மேடைமீது இதுவரை காணாத வடிவத்தில் ஒரு கார் மின்னிக்கொண்டு நிற்கும். இதனைக் 'கான்செப்ட் கார்' என்பார்கள். புதிய எண்ணம் ஒன்றைக் காட்டுவதற்காகச் செய்த மாதிரிக் கார் என்பது பொருள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1938இல் உருவாக்கிய 'பியூக் ஒய்-ஜாப்' இவ்வகையில் முதலாவது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அது விற்பனைக்கு வரவே இல்லை. ஆனால் அதிலிருந்த, மின்விசையால் ஏறி இறங்கும் கண்ணாடிகள் இன்று சாதாரணக் கார்களிலும் உள்ளன.

இத்தகைய காரைக் கண்டதும், "இது எப்போது தெருவுக்கு வரும்?" என்று கேட்கிறோம். இதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு. வராமற் போனால், 'முடியாது' என்று சொன்னது யார்? இயற்கையா, பொறியியலா, மனிதர்களா?

முதலில் இயற்கையின் மறுப்பைப் பார்ப்போம். 1958இல் ஃபோர்டு நிறுவனம் 'நியூக்ளியான்' என்ற மாதிரியைக் காட்டியது. காரின் பின்புறத்தில் சிறிய அணு உலை இருக்கும். ஒருமுறை இட்ட எரிபொருளில் 8,000 கி.மீ. போகலாம் என்றார்கள். செய்யப்பட்டதோ, உண்மைக் காரின் எட்டில் மூன்று பங்கு அளவுள்ள பொம்மை மட்டுமே. ஏன் என்பதை நாமே கணக்கிடலாம். கோபால்ட்-60 வெளிவிடும் காமாக் கதிர்களைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ 1.2 செ.மீ. தடிப்புள்ள ஈயம் தேவை. உலையின் கதிர்களுக்கும் இதே அளவு என்று கொள்வோம். பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க, இருபது முறை பாதியாக்க வேண்டும். ஆகவே 24 செ.மீ. ஈயம். 1 மீட்டர் விட்டமுள்ள கோள வடிவ உலையை இத்தடிப்பில் மூடினால், ஈயத்தின் எடை மட்டும் 13 டன்னுக்கு மேல்! நியூட்ரான்களைத் தடுக்க வேறு காப்பும் வேண்டும். சாதாரணக் காரின் எடையோ ஒன்று அல்லது ஒன்றரை டன். எவ்வளவு பணம் கொட்டினாலும் காமாக் கதிர் இரங்காது.

இரண்டாவது, பொறியியலின் மறுப்பு. கிரைஸ்லர் நிறுவனம் 1963 முதல் 1966 வரை, ஜெட் விமானத்தில் உள்ளதைப் போன்ற டர்பைன் எந்திரம் பொருத்திய 50 கார்களை, 203 பேரிடம் முறை வைத்து ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது. அவை நன்றாகவே ஓடின. டீசல், மண்ணெண்ணெய் இரண்டையும் ஏற்றன. ஆனால் டர்பைன், முழுத் திறனில் சீராக ஓடும்போதுதான் சிக்கனமானது. கார் தெருவில் நின்று நின்று போகிறது. பெரும்பாலான நேரம் எந்திரத் திறனில் சிறு பங்கே தேவைப்படுகிறது. அப்போது டர்பைன் எரிபொருளை விழுங்கும். மிதித்தவுடன் வேகம் எடுக்கவும் தயங்கும். வெப்பம் தாங்கும் உலோகக் கலவைகளின் விலையும் அதிகம். இயற்கை விதி எதுவும் இக்காரைத் தடுக்கவில்லை. பிஸ்டன் எந்திரத்தை அதனால் வெல்ல முடியவில்லை. புதிய உலோகமோ புதிய அமைப்போ வந்தால் இவ்வகை மறுப்பு மாறலாம்.

மூன்றாவதுதான் நாம் அதிகம் சிந்திக்க வேண்டியது. 1990இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'இம்பாக்ட்' என்ற மின்சார மாதிரிக் காரைக் காட்டியது. அதன் காற்றுத்தடை எண் 0.19, அக்காலக் கார்கள் பலவற்றுக்கு இது 0.3க்கு மேல். 1996இல் அது 'இ.வி.1' என்ற பெயரில் தெருவுக்கு வந்தது. அதன் ஈய-அமில மின்கலங்களின் எடை ஏறத்தாழ 530 கிலோ. அவற்றில் அடங்கிய ஆற்றல் 16.5 கிலோவாட்-மணி. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட்-மணி ஆற்றல் உண்டு. அப்படியானால் அரை டன் மின்கலத்தில் இருந்தது இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றலே! ஆயினும் கார் ஏறத்தாழ 100 கி.மீ. ஓடியது. மின்மோட்டார் ஆற்றலை அதிகம் வீணாக்கவில்லை. காரின் வடிவமும் காற்றை எளிதில் விலக்கிச் சென்றது.

மொத்தம் 1,117 கார்கள் செய்யப்பட்டன. அவை குத்தகைக்கு மட்டுமே தரப்பட்டன. குத்தகைதாரர் பலர் விலைக்கு வாங்க விரும்பியும் நிறுவனம் இசையவில்லை. தேவை குறைவு, உதிரிப் பாகங்களுக்கு உறுதி கூற இயலாது என்றது. கார்களைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டது. நட்டம் என்ற வாதத்தைப் புறக்கணிக்க முடியாது. ஆனால் அது கணக்கேட்டின் மறுப்பு, இயற்பியலின் மறுப்பன்று. எடை குறைந்த லித்தியம்-அயனி மின்கலங்கள் வந்தபின், இன்று உலகில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் மின்சாரக் கார்கள் விற்பனையாகின்றன.

மாதிரிக் காரை மேடையேற்றுவோர் அதன் பக்கத்தில் ஓர் அட்டையும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கார் உண்மையிலேயே ஓடுமா? எடை எவ்வளவு? ஆற்றல் எங்கிருந்து, எவ்வளவு வருகிறது? இவற்றுள் அளந்தது எது, எதிர்பார்ப்பது எது? மருந்துப் புட்டியில் உள்ளடக்கத்தை எழுதுகிறார்கள் அல்லவா? கனவுக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கனவு தேவையே. ஆனால் வர முடியாத ஒன்றுக்காகக் காத்திருந்தால், இன்றே செய்யக்கூடியதைத் தள்ளிப்போடுவோம். அதேபோல் ஒரு நிறுவனம் வேண்டாமென்று விட்டதை, இயற்கையே மறுத்ததாக நம்பினால், நல்ல வழி ஒன்றை இழப்போம்.

அந்த அட்டை இல்லாத வரையில் கணக்கை நீங்களே போட வேண்டியதுதான். கூரையில் சூரியத் தகடு பதித்த காரை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் கிடைக்கிறது. தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும் என்று கொள்ளுங்கள். கூரையின் பரப்பை 2 சதுர மீட்டர் என்றும், நல்ல வெயில் 5 மணி நேரம் என்றும் வைத்து, ஒரு நாள் மின்சாரத்தில் 'இ.வி.1' எத்தனை கி.மீ. ஓடும் என்று கண்டுபிடியுங்கள். பிறகு சொல்லுங்கள்: வெயிலை மட்டும் நம்பி நெடுந்தூரம் செல்லும் கார் வேண்டுமென்றால், 'முடியாது' என்பவர் மூவரில் யார்?