பெயரைக் காத்த பெருமகன்

நம் நாட்டுச் சிறுவருக்குக் கிரிக்கெட் எவ்வாறோ அவ்வாறே அமெரிக்கச் சிறுவருக்குப் பேஸ்போல் என்னும் தளப்பந்தாட்டம். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து வீசுபவர் ஒருவர்; உருண்ட மட்டை ஏந்தி எதிர்நிற்பவர் ஒருவர். நாற்கோணமாய் அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். பந்தை அடித்து, களத்தில் நிற்போர் அதனைப் பிடித்தெறியுமுன் ஒரு தளத்தையேனும் நலமே சென்றடைந்தால் அதனை ‘ஹிட்’ என்பர். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை ஹிட் அடிப்பவன் அங்கே தேர்ந்த ஆட்டக்காரன். ஏழு முறை தோற்பவனைத் தேர்ந்தவன் என்று கொண்டாடும் விளையாட்டு இது என்றால், அதன் கடுமையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விளையாட்டில் தம் வாழ்நாளில் மூவாயிரம் ஹிட் அடித்த ஒருவரின் வரலாற்றையே இவ்வாரம் நாம் கூறப்புகுகின்றோம். அவர் பெயர் ரொபேர்டோ கிளெமென்டே. ஆயின், அவரை நாம் தெரிந்தெடுத்தது அந்த மூவாயிரத்துக்காக அன்று. தம் பெயரைத் தாமே காக்கவேண்டிய கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதை வாழ்ந்து காட்டியவர் அவர் என்பதற்காகவே.

கரீபியன் கடலிலே போர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு. ஐக்கிய அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. மக்கள் பேசும் மொழியோ ஸ்பானியம். அத்தீவின் கரோலினா என்னும் ஊரில் 1934 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 ஆம் தேதி கிளெமென்டே பிறந்தார். தந்தை மெல்சோர் கரும்புத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்வை செய்பவர். தாய் லூயிசா. பிள்ளைகள் எழுவரில் இவரே கடைக்குட்டி. பள்ளிநாளில் ஈட்டி எறிவதில் பயின்ற கை, பின்னாளில் களத்தின் வலது கோடியிலிருந்து பந்தை எறிந்து எதிரணியாரை ஆட்டமிழக்கச் செய்யும் கையாயிற்று.

பத்தொன்பது வயதில் புறூக்ளின் டொட்ஜர்ஸ் கழகம் அவரை அழைத்தது. அவரும் சம்மதித்து வாக்குக் கொடுத்துவிட்டார். அதன்பின் மில்வாக்கிக் கழகம் அதனினும் பன்மடங்கு பெருந்தொகை தருவதாகச் சொல்லிற்று. ஏழைக் குடும்பத்துக்கு அது எத்துணைப் பெரிய ஆசை! ஆயினும், கொடுத்த வாக்கைக் காப்பதே முறை என்று அவ்வீட்டில் முடிவாயிற்று. இளைஞர் குறைந்த தொகைக்கே 1954 இல் கையொப்பமிட்டார். டொட்ஜர்ஸ் கழகம் அவரைத் தன் மொன்றியல் கிளையணிக்கு அனுப்பி, பெரும்பாலும் ஆடவிடாமல் ஒதுக்கியே வைத்திருந்தது. அவ்வாண்டின் இறுதியில், விதிமுறைப்படி அவரைத் தெரிந்தெடுத்துக்கொண்டது பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் கழகம். 1955 முதல் 1972 வரை, பதினெட்டு ஆண்டுகளும் அவர் ஆடியது அந்த ஓர் அணிக்கே.

பிட்ஸ்பேர்க் அன்று இரும்பாலைகள் நிறைந்திருந்த நகரம். அங்கே அவருக்கு இரண்டு தடைகள் இருந்தன: ஒன்று நிறம், மற்றொன்று மொழி. ஜாக்கி ரொபின்சன் 1947 இல் நிறத்தடையை உடைத்து உள்ளே நுழைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தும், தென்மாநிலமாகிய புளோரிடாவில் பயிற்சி நடக்கும் காலத்தில் கறுப்பு நிறத்தார் வெள்ளையரோடு ஓரிடத்தில் தங்கவோ உண்ணவோ இயலாது. வழியில் உணவுச்சாலையில் பேருந்து நின்றால், வெள்ளை ஆட்டக்காரர் உள்ளே சென்று உண்பர். மற்றையோர் வண்டியிலிருந்தபடியே, யாரேனும் கொண்டுவந்து கொடுப்பதை எதிர்பார்த்திருப்பர். கிளெமென்டே இதனைப் பொறுக்கவில்லை. இரந்துண்பது போன்ற அந்த உணவு தமக்கு வேண்டாமென மறுத்து, தங்களுக்கென வேறு வண்டி ஒழுங்குசெய்யும்படி கழகத்தாரிடம் வற்புறுத்திப் பெற்றார்.

மொழியால் வந்த துன்பம் இன்னும் நுட்பமானது. அவர் பேசிய ஆங்கிலத்தைச் சில பத்திரிகையாளர், உச்சரிப்புக் குறைகள் யாவும் தெரியும்படி எழுத்துக் கூட்டி அச்சிட்டுப் பரிகசித்தனர். அந்நிய மொழி ஒன்றைக் கற்றுப் பேசுபவனை, அம்மொழியைத் தவிர வேறொன்றும் அறியாதவர் நகைத்த கதை இது. முதுகுவலியால் அவதிப்பட்ட நாட்களில் ‘நோயாளி வேடம் போடுகின்றார்’ என்றும் எழுதினர். முதுகைத் தாக்கிய மோட்டார் விபத்து, அவர் பிட்ஸ்பேர்க்கில் ஆடத் தொடங்குமுன்னரே நேர்ந்தது.

இவற்றோடு பெயரையும் மாற்றினர். ரொபேர்டோ என்பது அமெரிக்க நாவுக்கு அயலாக இருந்ததாம். ஆதலால் ‘பொப்’ என்று சுருக்கி அழைத்தனர். சிறுவர் சேகரிக்கும் ஆட்டக்காரர் படச்சீட்டுகளில் 1957 முதல் 1969 வரை ‘பொப் கிளெமென்டே’ என்றே அச்சிட்டனர். அவரோ தம் பெயர் ரொபேர்டோ என்று சளைக்காமல் கூறிவந்தார். இதனைச் சிறு விடயம் என்று எண்ணுவோரும் உளர். தாய் தந்தையர் வைத்த பெயரைப் பிறர் வசதிக்காக விட்டுக்கொடுப்பவன், நாளடைவில் வேறு எவற்றையெல்லாம் விட்டுக்கொடுக்க நேரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பரிகாசத்துக்கு அவர் அளித்த மறுமொழி ஆட்டமே. 1961, 1964, 1965, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் தேசிய லீக்கின் தலைசிறந்த அடிவிகிதம் அவருடையது. 1966 இல் மிகச்சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது கிடைத்தது. களத்தடுப்புக்கு அளிக்கப்படும் தங்கக் கையுறை விருதை 1961 தொடக்கம் பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாது பெற்றார். 1971 ஆம் ஆண்டு உலகத் தொடரில் பால்டிமோர் அணியை வென்றபோது, ஏழு ஆட்டங்களிலும் ஹிட் அடித்துத் தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானார். வெற்றிக்குப் பின் தொலைக்காட்சியார் அவர்முன் ஒலிவாங்கியை நீட்டினர். அமெரிக்கா முழுவதும் செவிசாய்த்திருந்த அவ்வேளையில் அவர் முதலில் பேசியது ஸ்பானிய மொழி; வேண்டியது தாய் தந்தையரின் ஆசி. எந்த மொழிக்காக நகைக்கப்பட்டாரோ அந்த மொழியையே அன்று நாடு கேட்டது.

1972 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் தேதி, பிட்ஸ்பேர்க் மைதானத்தில் மூவாயிரமாவது ஹிட் அடித்தார். அவ்வாண்டின் லீக் ஆட்டங்களில் அதுவே கடைசி. அதன்மேல் ஒன்றும் கூடவில்லை, இனிக் கூடப்போவதுமில்லை.

அவ்வாண்டின் பிற்பகுதியில், போர்ட்டோ ரிக்கோவின் தொழின்முறை சாராத அணிக்குப் பொறுப்பாளராக அவர் நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவாவுக்குச் சென்றிருந்தார். திரும்பிய சில வாரங்களில், டிசெம்பர் 23 ஆம் தேதி, அந்நகரைப் பூகம்பம் அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கிளெமென்டே நத்தார்ப் பண்டிகையையும் மறந்து உதவிப்பொருள் திரட்டும் பணியில் முன்னின்றார். உணவும் மருந்தும் உடையும் விமானங்களில் சென்றன. ஆனால், அவற்றைச் சொமோசாவின் ஆட்சியைச் சேர்ந்தோர் கைப்பற்றிக்கொள்கின்றனர், துன்புற்றோரைச் சென்றடையவில்லை என்னும் செய்தி அவர் காதுக்கு எட்டியது.

இங்கேதான் அவர் பெயர் அவருக்குக் கடனாயிற்று. அவர் பெயரை நம்பியன்றோ எளிய மக்கள் தம் கைப்பொருளை ஈந்தனர்! பெயரைக் கொடுத்தவன் ஆளையும் கொடுக்கவேண்டும் என்று கருதினார் போலும். தாமே உடன்சென்றால் ஒருவரும் பொருள்மீது கைவைக்கத் துணியார் என நம்பி, டிசெம்பர் 31 ஆம் தேதி இரவு, பழைய சரக்கு விமானம் ஒன்றில் ஏறினார். மனைவி வேராவும் மூன்று ஆண்மக்களும் தீவில் இருந்தனர். விமானமோ ஏற்றத்தக்க அளவினும் நாலாயிரம் இறாத்தலுக்கு மேற்பட்ட சுமையோடு, ஏற்ற திருத்தமும் இன்றிப் புறப்பட்டது. சிறிது நேரத்திலேயே கடலில் வீழ்ந்தது. அதில் இருந்த ஐவரும் மாண்டனர். கிளெமென்டேயின் உடல் கிடைக்கவேயில்லை. அஞ்சலி வழிபாட்டுக்குச் செல்லாது, கடலில் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார் அவருடைய அணித்தோழர் மனி சங்கியென். மறைந்தபோது கிளெமென்டேக்கு வயது முப்பத்தெட்டு.

நேயர்கள் சிலர் கேட்கலாம்: பொருளும் போய்ச்சேரவில்லை, உயிரும் போயிற்று, யாது பயன்? நியாயமான கேள்வியே. இரக்கத்தோடு எச்சரிக்கையும் கூடியிருந்தால், அந்த விமானத்தில் அவர் ஏறியிருக்கமாட்டார். மூன்று பிள்ளைகள் தந்தையை இழந்திருக்கமாட்டார்கள். இதனை மறைத்து அவரைப் புகழ்வது நமக்கு உடன்பாடன்று. எனினும், தம் பெயரால் பெற்ற பொருள் உரியவரைச் சேர்ந்ததா என்று எண்ணி உறக்கம் இழப்பவர் எத்தனை பேர்? பட்டியலில் தலைவராய்க் கையொப்பமிட்டுவிட்டு வீட்டிலிருப்போரே உலகில் மிகுதி.

ஓய்வுபெற்று ஐந்தாண்டு காத்திருக்கவேண்டிய விதியை அவருக்காகத் தளர்த்தி, 1973 இல் கூப்பர்ஸ்டவுண் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தனர். பொதுப்பணியில் சிறந்து விளங்கும் ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் விருது அவ்வாண்டு முதல் அவர் பெயரைத் தாங்குகின்றது. போர்ட்டோ ரிக்கோச் சிறுவருக்கென விளையாட்டு நகரம் ஒன்று அமைக்க அவர் கண்ட கனவை, வேரா முன்னின்று கரோலினாவில் நிறைவேற்றினார்.

முடிவாக ஒன்று. ஸ்பானிய மரபில் தந்தையின் குடும்பப்பெயர் முன்னும் தாயின் குடும்பப்பெயர் பின்னும் வரும். ஆகவே அவர் முழுப்பெயர் ரொபேர்டோ கிளெமென்டே வாக்கர். புகழ்மண்டபத்தின் வெண்கலப் பலகையிலோ ‘ரொபேர்டோ வாக்கர் கிளெமென்டே’ என்று ஆங்கில முறையில் மாற்றிப் பொறித்துவிட்டனர். பிழை திருத்தப்பட்டுப் புதிய பலகை ஏறியது 2000 ஆம் ஆண்டிலே. உயிரோடிருந்தபோது தம் பெயருக்காக அவர் வாதாடினார்; மறைந்து இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் தாயின் பெயரும் உரிய இடத்தில் அமர்ந்தது.

மாணவச் செல்வங்களே, வகுப்பில் ஒருவன் புதிதாய் வந்து சேர்ந்தால் அவன் பெயரைச் சரியாகக் கேட்டறிந்து அழையுங்கள். உங்கள் பெயரை ஓரிடத்தில் எழுதிக் கொடுத்தால், அதற்குப் பின்னால் நீங்களும் நில்லுங்கள்.