புகையிரதப் பயணிக்காகப் பேசுவது யார்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஒட்டிச் சரசவி உயன என்னும் சிறு புகையிரதத் தரிப்பிடம் உண்டு. அங்கு காத்து நிற்கும் மாணவர் வண்டியின் தாமதத்தைத் தூற்றுவர். வண்டி வந்ததும் அதனை மறந்துவிடுவர். இந்த மறதியையே நான் குற்றஞ்சாட்டுகிறேன்.

1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது மக்களின் பிரயாண வசதி கருதியன்று. துரைமாரின் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கே. 1924இல் அப்பாதை பதுளையை எட்டியபோது கோப்பியின் இடத்தில் தேயிலை இருந்தது. இன்றோ, எல்லவுக்குச் செல்லும் உல்லாசப் பயணிக்கே முதலிடம். விடுமுறைக்கு அட்டன் செல்லும் மாணவியும், கண்டி வைத்தியசாலைக்கு வரும் தோட்டத் தொழிலாளியும் எஞ்சிய இடத்தில் நின்று செல்பவர்களே.

புகையிரதம் நட்டத்தில் ஓடுகிறது, அதனிடம் மேலும் கேட்பது முறையா என்பர் சிலர். வீதிக்கும் பாடசாலைக்கும் நாம் இலாபக் கணக்குப் பார்ப்பதில்லையே! பயணிகள் சேவைக்கு மட்டும் அக்கணக்கு ஏன்?

2025 நவம்பரில் டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் மலையகப் பாதையைப் பல இடங்களிற் சிதைத்தன. இத்தகைய அழிவின் பின் எந்தச் சேவை முதலில், யாருக்காக மீள வேண்டும் என்பது பொறியியலாளர் மட்டும் தீர்க்கும் வினாவன்று. கைவிடப்பட்ட பாதை எளிதில் மீள்வதில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடிய ஒடுங்கிய பாதை 1940களில் மூடப்பட்டது, அது திரும்பவேயில்லை.

1967இல் ஐக்கிய அமெரிக்காவில் அந்தோனி ஹாஸ்வெல் என்னும் சட்டத்தரணி புகையிரதப் பயணிகளுக்கென ஒரு சங்கம் நிறுவி இடையறாது வாதாடினார். 1971இல் அங்கு அம்ட்ராக் என்னும் தேசிய பயணிகள் சேவை பிறந்ததில் அவ்வாதத்துக்கும் பங்குண்டு. நம்மிடம் அத்தகைய தொண்டர் எங்கே?

இத்தொண்டுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வண்டிகளின் தாமதத்தை நாள்தோறும் குறித்து வைக்கலாம்; நின்று செல்வோரை எண்ணலாம்; மும்மொழியிலும் விண்ணப்பம் எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி புகையிரதத் திணைக்களத்திடம் தமிழிலேயே தகவல் கோரலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அக்கோரிக்கை பற்றிய தீர்மானத்தை அது அறிவித்தல் வேண்டும்.

பட்டிமன்ற மேடையில் கண்ணகிக்காக வழக்குரைக்கும் நாம், நமக்கு அருகே நின்று பயணஞ் செய்யும் தொழிலாளிக்காக ஒரு கடிதமேனும் எழுதியதுண்டா? எழுதாதவரை நமது தமிழ்ப்பற்று மேடையோடு முடிந்துவிடும் பற்றே.