உட்பகையோ, மருண்ட காவலோ?

நம் உடலகத்தே ‘மாக்ரோபேஜ்’ என்னும் உயிரணுக்கள் உள. ‘பெருவிழுங்கி’ என்பது அப்பெயரின் பொருள். 1882-ஆம் ஆண்டில் மெச்னிகாவ் என்னும் ருஷிய அறிஞர், இத்தாலி நாட்டு மெஸ்ஸீனா நகரில், நட்சத்திர மீனின் தெளிந்த இளவுயிரில் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாட் காலையில், நகரும் உயிரணுக்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். விழுங்கிக் காக்கும் அணுக்களைப் பற்றிய ஆராய்ச்சி அதனால் வளர்ந்தது. 1908-இல் பால் எர்லிக் என்பாருடன் அவர் நோபல் பரிசும் பெற்றார்.

இங்ஙனம் காவல் பூண்ட அணுக்களே புற்றுநோய்க் கட்டியினுள் அதன் வளர்ச்சிக்குத் துணைபுரியவுங் காண்கிறோம். ஆதலின் அவற்றைத் துரோகிகள் என்பாரும் உளர். அப்பெயர் பொருந்தாது என்பதே என் கருத்து.

நிகழ்வது யாது? கட்டி சில புரதங்களைச் சுரந்து, இரத்தத்திற் செல்லும் மோனோசைட் அணுக்களைத் தன்பால் அழைக்கின்றது. அவை அங்கே பெருவிழுங்கிகளாக மாறுகின்றன. பிராணவாயு குன்றிய அவ்விடத்தில், லாக்டிக் அமிலமும் வேறு பல பொருள்களும், ‘ஈண்டுப் புண் உளது, ஆற்றுக’ என்பது போன்ற குறிப்பை அவற்றுக்கு உணர்த்துகின்றன. அவையும் புதிய இரத்தக் குழாய்கள் வளர உதவுகின்றன; கட்டியைத் தாக்க வரும் டி-அணுக்களை அடக்குகின்றன. புண்ணிடத்து நன்மையாவது கட்டியிடத்துக் கேடாகின்றது. கட்டிகளை ஆறாத புண்ணுக்கு ஒப்பிட்டு அமெரிக்க அறிஞர் டுவோராக் 1986-இல் எழுதியது மிகப் பொருத்தமே.

வள்ளுவர் உட்பகைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். புறத்தே உறவும் அகத்தே வஞ்சமும் உடையதே உட்பகை. இவ்வணுக்களோ வஞ்சித்தன அல்ல, வஞ்சிக்கப்பட்டன.

இது வெறுஞ் சொல்வழக்கோ எனின், அன்று. பெயரை ஒட்டியே மருந்தைப் பற்றிய எண்ணமும் அமையும். துரோகி எனின் ஒழித்தலே வழியாகத் தோன்றும். மூட்டுக்களில் தோன்றும் அரியதொரு கட்டிக்கு, இவ்வணுக்களைக் குறைக்கும் பெக்ஸிடார்டினிப் என்னும் மருந்து 2019-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. அக்கட்டியிற் பெரும்பகுதி அழைக்கப்பட்டு வந்த அணுக்களே. ஆதலின் அங்கு அது தகும். எல்லாக் கட்டிகட்கும் அதுவே வழியாகுமோ? கிருமிகளை விழுங்குவனவும், இறந்த அணுக்களை அகற்றுவனவும் இவையே அன்றோ?

மேலும், எதிர்ப்புரதம் ஒட்டி அடையாளமிட்ட புற்றணுக்களை இவை விழுங்குதலை அறிஞர் கண்டுள்ளனர். பழைய ஆற்றல் அழிந்திலது. மருட்சி நீக்கின் காவல் மீளும். அதற்கான மருந்துகளை நாடுதலே ஆராய்ச்சியாளர்க்கு முதற்கடனாதல் வேண்டும். நண்பர்காள்! இப்பொருளைத் தமிழில் எழுதப் புகுங்கால், நாமும் ‘துரோகி’ என்னுஞ் சொல்லை விலக்குவோமாக.