சிரிப்புக்கும் உண்டு பின்வாசல்

"குடும்பத்தையே கிழிச்சுத் தொங்க விட்டிருக்கான் தோழர், அவசியம் பாருங்க" என்று சொல்லி நண்பர் ஒருவர் ஓர் அமெரிக்கப் படத்தைக் கொடுத்தார். பார்த்தேன். சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறுத்தியது. கிழிந்து தொங்கியது எது என்று தேடினால் சட்டை மட்டும்தான் கிழிந்திருக்கிறது. குடும்பம் ஒரு கீறலும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

படத்தின் பெயர் 'தி பிராடி பஞ்ச் மூவி'. பெட்டி தாமஸ் இயக்கி 1995இல் வந்தது. 1969 முதல் 1974 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய 'தி பிராடி பஞ்ச்' என்கிற குடும்பத் தொடரின் பகடி. மூன்று பையன்களோடு ஒரு அப்பா, மூன்று பெண்களோடு ஒரு அம்மா, இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். எந்தப் பிரச்சினை வந்தாலும் அரைமணி நேரத்துக்குள் அப்பா புத்திமதி சொல்லித் தீர்த்துவிடுவார். மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றது 1968இல். அடுத்த வருசம் தொடங்கிய தொடரின் வீட்டுக்குள் அந்தத் துப்பாக்கிச் சத்தம் போய்ச் சேரவில்லை. வேலைக்காரி ஆலிஸ்கூட வெள்ளைக்காரிதான். பாத்திரம் தேய்க்கிற வேசம்கூடக் கறுப்பு மனுசிக்குக் கொடுக்கப்படவில்லை.

பகடிப் படம் என்ன செய்தது? அதே குடும்பத்தை அதே உடுப்போடும் அதே பேச்சோடும் 1990களின் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருவில் இறக்கிவிட்டது. தெருவே அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறது. நல்லது. ஆனால் கதையைப் பாருங்கள். வீட்டுக்கு 20,000 டாலர் வரிப் பாக்கி. பக்கத்து வீட்டுக்காரன் அந்த இடத்தில் கடைவளாகம் வரட்டும் என்று காத்திருக்கிறான். பிள்ளைகள் போட்டியில் ஆடிப்பாடிப் பரிசுப் பணத்தை வென்று வீட்டை மீட்கிறார்கள். வீட்டைக் கேலி செய்யப் புறப்பட்ட படம் அந்த வீட்டுக்கு வரி கட்டிவிட்டு முடிகிறது. ஆலிஸ் பழையபடி அடுப்படியில்.

இதைவிடக் கெட்டிக்காரப் படம் ஒன்று உண்டு. 1998இல் கேரி ராஸ் எடுத்த 'பிளெசன்ட்வில்'. பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பத் தொடர் ஒன்றுக்குள் இந்தக் காலத்து அண்ணனும் தங்கையும் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக நிறம் மாறுகிறார்கள். உடனே ஒரு கடை ஜன்னலில் 'நிறத்தவருக்கு அனுமதி இல்லை' என்று அட்டை தொங்குகிறது. அமெரிக்கக் கறுப்பர்கள் தலைமுறை தலைமுறையாக ரத்தம் சிந்திப் படித்த அட்டை அது. ஆனால் அந்த ஊரில் கறுப்பர் ஒருத்தர்கூட இல்லை! வெள்ளைக்காரர்களே கன்னத்தில் நிறம் ஏற்றிக்கொண்டு ஒடுக்கப்பட்டவர்களாகவும் நடித்துவிட்டுப் போகிறார்கள். நம்ம ஊர் டீக்கடையின் தனிக் குவளையை எடுத்துச் சாதி இந்துக்கள் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிக் குடித்து நாடகம் போட்டால் எப்படி இருக்கும்? வலி நம்முடையது, கைதட்டல் அவர்களுடையது.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரன் வீட்டைப் பற்றி உனக்கென்ன கவலை என்று கேட்பீர்கள். எனக்கு டிவி அறிமுகமானதே ஒரு ஜன்னல் வழியாகத்தான். தறிச்சத்தம் ஓய்ந்த பிறகு ஒரு வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பத்துப் பிள்ளைகள் தெருவில் நின்று தூர்தர்சன் பார்ப்போம். அதே நேரத்தில் எங்கம்மா அந்த வீட்டின் பின்வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். முன்ஜன்னலில் மகன், பின்வாசலில் தாய். நடுவில் பெட்டிக்குள் ஒரு நல்ல குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும். கொல்லைக்கும் சத்தம் கேட்கும். "என்னடா அப்படிச் சிரிச்சாங்க?" என்று வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா கேட்பாள். நான் நடித்துக் காட்டுவேன்.

2006 தேர்தலுக்குப் பிறகு அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுத்தது. பெட்டி சேரிக்கு வந்தது. சேரி பெட்டிக்குள் போகவில்லை. சீரியல் மாமியார் அடுப்படியிலும் காஞ்சிபுரம் பட்டு கட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பட்டுக்குச் சாயம் தோய்த்துக் கை வெந்தவர்கள் அதைத் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டின் முன்மாதிரிக் குடும்பம் எது? விசு எழுதி இயக்கி ஏவி.எம். 1986இல் வெளியிட்ட 'சம்சாரம் அது மின்சாரம்'. ஆரோக்கியமான பொழுதுபோக்குப் படம் என்று தேசிய விருதே வாங்கியது. குடும்பத் தலைவர் பெயர் அம்மையப்ப முதலியார். பெயரிலேயே சாதி இருக்கிறது, அதனால் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீட்டுக்காகச் சம்பந்தியோடு மல்லுக்கட்டுகிறவள் வேலைக்காரி கண்ணம்மா. மனோரமா அந்தக் காட்சியில் நம் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார், மறுக்கவில்லை. ஆனால் கண்ணம்மாவுக்கு வீடு எங்கே, அவள் புருசன் பிள்ளைகள் யார், ராத்திரி எங்கே போய்ப் படுக்கிறாள்? கதைக்கு அது தேவைப்படவில்லை. அப்பனும் மகனும் வீட்டுக்கு நடுவே கோடு கிழித்துப் பிரிந்ததைப் பார்த்துத் தமிழ்நாடே அழுதது. 1989இல் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்புக்குக் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். 2008இல் அதில் ஒரு பகுதியை இடிக்கும்வரை எந்தத் தாய்க்குலம் அழுதது?

சரி, நம்மூர்ப் பகடிக்காரர்கள் இந்தக் குடும்பத்தை என்ன செய்தார்கள்? விஜய் டிவியில் 2003இல் தொடங்கிய 'லொள்ளு சபா' படங்களைப் பிடித்து ஆட்டியது. சி.எஸ்.அமுதனின் 'தமிழ்ப் படம்' 2010இல் வந்து நாயகனின் பஞ்ச் வசனத்திலிருந்து குடும்பப் பாட்டு வரைக்கும் நக்கலடித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு குற்றமில்லை. ஆனால் கணக்கு பார்ப்பது என் தொழில், விட முடியவில்லை. குடும்பப் பாட்டின் மெட்டைக் கேலி செய்தார்கள், அந்தக் குடும்பத்துக்குள் யாரைச் சேர்ப்பார்கள் யாரை வெட்டுவார்கள் என்பதைத் தொடவில்லை. அழுகையைக் கேலி செய்தார்கள், சாதியைக் கேலி செய்யவில்லை. பிள்ளை அப்பன் மாதிரி மீசை முறுக்கிக் காட்டினால் அப்பனும் சேர்ந்து சிரிப்பான். சொத்து பிள்ளைக்குத்தானே வரப்போகிறது!

அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் இதைப் போட்டு உடைத்துவிட்டார். சாதியின் உயிர்நிலை அகமணம். தன் சாதிக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நின்றால் சாதி நிற்காது. எங்க ஊர்ப் பாசையில் சொன்னால் குடும்பம்தான் சாதியை நெய்கிற தறி. பாவும் ஊடையும் ஒரே நூலாக இருக்க வேண்டும் என்று காவல் காக்கிற தறி. வேறு நூல் குறுக்கே வந்தால் அறுத்துவிடும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிச் சாய்த்தார்களே, எதற்காக? சாதி மீறிக் கல்யாணம் செய்ததற்காக. இந்த அரிவாளை ஒளித்துவைத்துவிட்டு, குடும்பம் என்றால் வெறும் அசட்டுத்தனம், பழைய பேசன், அழுமூஞ்சி என்று மட்டும் காட்டுகிற பகடி அதற்குச் செய்வது சேவை. அசடு என்றால் மன்னித்துவிடுவோம் இல்லையா?

வீட்டை மீட்கிற கதைக்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. பிராடி குடும்பம் வீட்டை மீட்ட படம் வருவதற்கு முந்தைய வருசம், 1994 அக்டோபர் 10. காரணைப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுச் செங்கல்பட்டில் போராடிய நம் மக்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நமக்கு வீட்டுக்கு வழி பாட்டுப் போட்டி இல்லை.

மேலிருந்து வராத கேலி இந்த மண்ணில் இல்லாமலா போனது? இதே காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா எழுதிய 'வேலைக்காரி' 1949இல் படமாக வந்தது. அப்போது தலைப்பிலேயே வேலைக்காரி இருந்தாள். கடன் நெருக்கடியில் தூக்கில் தொங்கியவனின் மகன், தன் அப்பனைக் கொன்ற வேதாசல முதலியாரின் வீட்டுக்குள் வேசம் போட்டுப் புகுந்து அந்த மனுசனை நடுத்தெரு சிரிப்பாக்கினான். 1949இல் வேதாசல முதலியார், 1986இல் அம்மையப்ப முதலியார். முதலாமவர் வில்லன், இரண்டாமவர் பாசமுள்ள அப்பா. முப்பத்தேழு வருசத்தில் முதலியார் நல்லவராகிவிட்டார், வேலைக்காரி தலைப்பிலிருந்து இறங்கிக் கொல்லைக்குப் போய்விட்டாள். திராவிட ஆட்சிகளின் கலைக் கணக்கை இதைவிடச் சுருக்கமாக எழுத என்னால் ஆகாது.

ஆகவே தோழர்களே, குடும்பப் பகடி என்று எவனாவது கடை விரித்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சிரிக்கிறவன் எங்கே நின்றுகொண்டு சிரிக்கிறான்? கூடத்துச் சோபாவிலா, கொல்லைப்புறத்திலா? எங்க பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராசாவை நேருக்கு நேர் நின்று நையாண்டி பண்ணுவான். அவனுக்குச் சிம்மாசனத்தில் பங்கு கிடையாது. அதனால்தான் அவன் நக்கல் சுடும்.

எங்கம்மா இப்போது எந்த வீட்டுக்கும் வேலைக்குப் போவதில்லை. அந்தப் படத்தில் கண்ணம்மா வருகிற காட்சியை மட்டும் உட்கார்ந்து பார்ப்பாள். ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அந்தம்மா நல்லாத்தான் பேசுது. ஆனா அந்த வீட்டுல அதுக்கு ஒரு வாய் காபி குடுத்தாங்களாடா?"

இந்தக் கேள்வியிலிருந்து ஒரு படம் எடுங்கள். அதற்கு நாங்கள் சிரிக்கிறோம்.